மலையில் மனை: அகலச் சாலைக்கு மேலா, கீழா, உள்ளே தள்ளியா?

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பக்கம் ஓய்வுபெறும் வயதை எட்டிய நாலு பேர் கூடினால் பேச்சு மலை மனையில் போய் நிற்கிறது. துறைமுகத்திலோ ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையிலோ மணலி ஆலைகளிலோ காலம் முழுக்க உழைத்துச் சேர்த்த பணம் ஒரே தவணையில் கைக்கு வருகிறது. எண்ணூர் நெடுஞ்சாலையின் கன்டெய்னர் லாரிப் புழுதிக்குத் தப்பி, ஏற்காட்டிலோ ஏலகிரியிலோ கோத்தகிரியிலோ ஆறேழு சென்ட் வாங்கிப் போட வேண்டும் என்று ஆசை வருகிறது. தரகர் முதலில் சொல்லும் வார்த்தையும் தயாராக இருக்கிறது: "சாலையை அகலப்படுத்திவிட்டார்கள் அண்ணே, இனி விலை ஏறத்தான் செய்யும்."

கட்டட வேலையில் இருப்பவன் என்பதால் என்னிடம் கேட்டு எழுதுபவர்கள் உண்டு. கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான். சாலைக்கு மேல்பக்கம் நல்ல காட்சி, விலை அதிகம். கீழ்பக்கம் விலை குறைவு. பழைய குறுகிய பாதையில் உள்ளே தள்ளிப் போனால் அதைவிடக் குறைவு, ஆனால் கார் எதிரே வந்தால் ஒதுங்க இடமில்லை. எதை வாங்குவது?

வியாசர்பாடியிலோ புளியந்தோப்பிலோ வீடு பார்க்கிறவர் "2015-இல் தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது?" என்று கேட்காமல் முன்பணம் கொடுப்பதில்லை. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே சாலை போட்டதால் வாசல் பள்ளமாகிப்போன வீடுகள் நம் தெருக்களில் எத்தனையோ. வீட்டில் ஒரு செங்கல்லைக்கூடத் தொடாமல், வெளியே நடந்த சாலை வேலை வீட்டின் நிலையை மாற்றிவிடும் என்பது நமக்குத் தெரிந்ததுதான். மலையிலும் அதுவே நடக்கிறது. ஆனால் அங்கே தண்ணீர் இறங்குகிறவரை மொட்டை மாடியில் காத்திருக்க முடியாது.

## எதை வைத்து எடைபோடுவது

விலை, காட்சி, தூரம் ஆகியவற்றை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். நான் பார்க்கச் சொல்வது வேறு ஐந்து: சாலைக்காக மலையை எவ்வளவு உயரம் வெட்டினார்கள்; வெட்டிய மண் எங்கே போனது; மழைத் தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது; வெட்டி எத்தனை மழைக்காலம் ஆயிற்று; கோளாறு வந்தால் சரிசெய்யும் உரிமையும் செலவும் யாருடையது.

முதல் இரண்டுக்கும் எளிய கணக்கு உண்டு. 35 பாகை சாய்வுள்ள ஒரு சரிவை எடுத்துக்கொள்வோம். அதில் 5.5 மீட்டர் அகலச் சாலையை முழுக்க உள்பக்கம் செங்குத்தாக வெட்டி எடுத்தால், வெட்டுமுகம் ஏறக்குறைய 4 மீட்டர் உயரம் வரும். அதையே 10 மீட்டராக அகலப்படுத்தினால் உயரம் 7 மீட்டர், அதாவது இரண்டு மாடி வீட்டின் உயரம். அகலம் இரட்டிப்புகூட ஆகவில்லை. ஆனால் எடுக்க வேண்டிய மண் மூன்று மடங்கைத் தாண்டிவிடுகிறது, ஏனென்றால் அது அகலத்தின் வர்க்கத்தில் கூடுகிறது. ஒரு கிலோமீட்டருக்குக் கூடுதலாக 24,000 கன மீட்டருக்கு மேல். 3 யூனிட் டிப்பரில் (ஒரு யூனிட் என்பது 100 கன அடி) அள்ளினால் 2,800 லோடுக்குக் குறையாது. தோண்டிய மண் உப்பும் என்பதால் உண்மையில் இன்னும் அதிகம். மாதவரத்தில் லாரி ஓட்டுகிறவரிடம் கேளுங்கள்: மலையிலிருந்து அத்தனை லோடு கீழே இறக்க டீசலுக்கு மட்டும் என்ன ஆகும் என்று ஒரு மூச்சில் சொல்லிவிடுவார். பல இடங்களில் மண் ஏன் கீழே இறங்காமல் சாலை ஓரத்திலேயே பள்ளத்தாக்குப் பக்கம் தள்ளிவிடப்படுகிறது என்பதும் அப்போது புரிந்துவிடும்.

செங்குத்தாக ஏன் வெட்டுகிறார்கள்? சாய்வாக, படிப்படியாக வெட்டினால் மலை நிற்கும். ஆனால் மேலே இன்னும் அதிக நிலம் வேண்டும். அது வனத்துறை நிலமாகவோ யாருடைய காபித் தோட்டமாகவோ இருக்கும். செங்குத்தாக வெட்டினால் நிலம் குறைவாகப் போதும், வேலை சீக்கிரம் முடியும். ஜேசிபி போன பிறகு அந்த முகம் கம்பீரமாகத்தான் நிற்கும். காய்ந்த மண்ணின் துகள்களுக்கிடையே இருக்கும் கொஞ்ச ஈரமே அவற்றை இழுத்துப் பிடித்திருக்கும். மழையில் மண் முழுக்க நனைந்ததும் அந்தப் பிடி போய்விடுகிறது. இடுக்குகளில் நிறைந்த தண்ணீர் மண்ணை உள்ளிருந்து தள்ளத் தொடங்குகிறது. கோடையில் எடுத்த விளம்பரப் புகைப்படத்தில் இதெல்லாம் தெரியாது.

எவ்வளவு அகலம் என்பதே நாட்டில் பெரிய வழக்கானது. உத்தராகண்டின் சார்தாம் சாலைத் திட்டத்தில், மலைப் பகுதிக்கு 5.5 மீட்டர் போதும் என்றது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2018 சுற்றறிக்கை. உச்ச நீதிமன்றம் அமைத்த, ரவி சோப்ரா தலைமையிலான குழு இதில் இரண்டாகப் பிரிந்தது. ராணுவத் தேவையைக் காட்டி அரசு கேட்ட 10 மீட்டர் அகலத்துக்கு 2021 டிசம்பரில் நீதிமன்றம் அனுமதி கொடுத்தது. எல்லைக்கு டாங்கி போக வேண்டிய இடத்தில் அந்த வாதத்துக்கு எடை உண்டு. வார இறுதிக்குக் கார் போகும் மலைக்கு அதே அகலம் எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எல்லா நிலச்சரிவுக்கும் சாலையைக் குற்றம் சொல்ல முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலையைப் புதைத்த சேறு, எங்கோ மேலே காட்டில் புறப்பட்டு ஓடை வழியாக வந்தது. அதே ஆண்டு டிசம்பர் 1-இல் திருவண்ணாமலையில் ஏழு பேரைப் பலிகொண்ட சரிவும் சாலை வெட்டிய இடத்தில் தொடங்கியதல்ல. ஆனால் அதே ஜூலை 16-இல் கர்நாடகத்தின் ஷிரூரில் தேசிய நெடுஞ்சாலை 66-இன் மேல் மலை இறங்கியபோது, நான்குவழிச் சாலைக்காகச் சரிவை வெட்டிய விதமே முதன்மையான கேள்வியாக எழுந்தது. மூணாறு கேப் ரோட்டிலும் 2019, 2020-இல் அகலப்படுத்தும் வேலைக்கு இடையிலேயே திரும்பத் திரும்பச் சரிந்தது. இமாசலத்தில் பர்வானூ–சோலன் நான்குவழிச் சாலை 2023 மழையில் சக்கி மோட் அருகே அறுந்து போக்குவரத்து நின்றது.

## சாலைக்கு மேல்பக்க மனை

எல்லோருக்கும் பிடித்தது இதுதான். கீழே சாலை, அதற்கப்பால் பள்ளத்தாக்கு, மறைக்க எதுவும் இல்லை. ஒரு பிழைதான்: உங்கள் மனையைத் தாங்கி நின்ற மண்ணைத்தான் சாலைக்காக எடுத்திருக்கிறார்கள். சரிவின் அடியில் இருக்கும் மண் மேலே இருப்பதற்கு முட்டுக்கொடுக்கிறது. அதை எடுத்தால், மேலே எதையும் தொடாமலேயே மலையின் பிடிமானம் குறைந்துவிடும்.

வெட்டின் விளிம்பிலிருந்து வீடு எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதே இங்கே எல்லாம். நான் வைத்துக்கொள்ளும் கணக்கு, வெட்டின் உயரத்தைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு. 7 மீட்டர் வெட்டு என்றால் 14 மீட்டர் பின்னால். ஒரு கிரவுண்டு மனையில், அதாவது அங்கத்திய அளவில் ஐந்தரை சென்ட்டில், 14 மீட்டரை விட்டுவிட்டால் வீடு கட்ட என்ன மிஞ்சும்? காட்சிக்காக விலை கொடுத்தவர் வீட்டைப் பின்னால் தள்ளிக் கட்டவும் மாட்டார். விளிம்பில்தான் சிட்அவுட் வைப்பார். கழிவுநீர்த் தொட்டியையும் சரிவு பார்த்து முன்பக்கமே போடுவார். அந்தத் தொட்டியிலிருந்து வருடம் முழுக்க ஊறும் தண்ணீர், மழையே இல்லாத மாதத்திலும் வெட்டுமுகத்தை நனைத்துக்கொண்டிருக்கும்.

மறைந்திருக்கும் செலவு தடுப்புச்சுவர். அது சாலை ஓரத்தில், நெடுஞ்சாலைத் துறையின் நிலத்தில் வர வேண்டியது. உங்கள் பணத்தில் நீங்கள் நினைத்த இடத்தில் கட்ட முடியாது. துறை கட்டியிருந்தால் நல்லது, ஆனால் எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். சுவரின் உயரம் இரட்டிப்பானால் மண் தள்ளும் மொத்த விசை நான்கு மடங்கு, சுவரைக் கவிழ்க்கும் திருப்புவிசை எட்டு மடங்கு. நான்கு அடிச் சுவரைக் கட்டிப் பழகிய கை, எட்டு அடிச் சுவருக்கும் கொஞ்சம் கல் சேர்த்துப் போட்டால் போதும் என்று நினைத்துவிடுகிறது.

சேர்வராயன் மலையில் நான் பார்த்த ஒரு சுவரில், தண்ணீர் வடிவதற்கென்று வரிசையாக பி.வி.சி. குழாய்த் துண்டுகள் பதித்திருந்தார்கள். தூரத்திலிருந்து பார்க்க ஒழுங்கான வேலை. கையில் இருந்த குடைக் கம்பியை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தேன். ஒரு சாண் போய் நின்றது. பின்னால் கலவை அடைத்திருந்தது. மழை ஓய்ந்த காலை வேளை. குழாய்கள் காய்ந்து கிடந்தன. அவற்றுக்கு நடுவே கல் இணைப்புகளில் தண்ணீர் கசிந்து பாசி படர்ந்திருந்தது. தண்ணீர் சுவருக்குப் பின்னால்தான் நிற்கிறது. எதிரே டீக்கடை வைத்திருந்த பெரியவர் கேட்டார்: "எதைத் தேடுகிறீர்கள் தம்பி? அந்தக் குழாயில் தண்ணீர் வந்து நான் பார்த்ததே இல்லை."

மேல்பக்கத்துக்கு ஒரு சாதகம் உண்டு. சரிவு பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் வருகிறது. விளிம்புக்கு இணையாகத் தரையில் பிறை வடிவ விரிசல் விழும், வேலிக்கால் சாயும், கதவு சட்டத்தில் இறுகும். கவனிக்கிறவருக்கு வெளியேற நேரம் கிடைக்கலாம்.

எப்போது இது சரி: வெட்டுமுகம் மண்ணாக இல்லாமல் உறுதியான பாறையாக இருந்தால், பாறையின் அடுக்கு விரிசல்கள் சாலைப் பக்கம் சாயாமல் மலைக்குள் சாய்ந்திருந்தால், மனை பெரியதாக இருந்து வீட்டைப் பின்னால் தள்ள இடமிருந்தால். ஏற்காட்டின் சார்னோக்கைட் பாறை கெட்டியானதுதான். ஆனால் அதன்மேல் சிதைந்த செம்மண் எத்தனை மீட்டர் கிடக்கிறது என்பது வளைவுக்கு வளைவு மாறும்.

## சாலைக்குக் கீழ்பக்க மனை

விலை குறைவு என்பதால் நம் ஆட்கள் கடைசியில் வந்து விழுவது இங்கேதான். எனக்கு மிகவும் பயம் தருவதும் இதுதான்.

மேலே சொன்ன 2,800 லோடு மண்ணில் ஒரு பங்கு இந்தப் பக்கம்தான் வந்திருக்கும். தள்ளிவிட்ட மண் இறுகுவதில்லை. அது பழைய சரிவின் மேல் புல்லையும் புதரையும் மூடிக்கொண்டு படுத்திருக்கும். அடியில் மூடப்பட்ட செடிகொடி மக்கி வழுக்கும் அடுக்காக மாறும். மேலே இரண்டு வருடத்தில் லாண்டானா முளைத்துப் பச்சையாகிவிட்டால், இயற்கையான சரிவுக்கும் கொட்டிய மண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது. தரகர் "சமமான இடம் அண்ணே, மலையில் இப்படிக் கிடைக்காது" என்று காட்டும் தட்டையான துண்டு, பெரும்பாலும் கொட்டிய மண்ணை ஜேசிபி நிரவிய இடம். ஒரு கடப்பாரை போதும். பூர்வீக மண்ணில் கை வலிக்கும். கொட்டிய மண்ணில் சரசரவென்று இறங்கும், கூடவே தார்த் துண்டும் பிளாஸ்டிக் பையும் வெளியே வரும்.

அடுத்தது தண்ணீர். பழைய குறுகிய சாலையில் மலைத் தண்ணீர் பல இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கடந்து இறங்கியது. அகலமான சாலை அதையெல்லாம் உள்பக்க வடிகாலில் சேர்த்துக் குறிப்பிட்ட சில கல்வெர்ட்டுகள் (சாலைக்கு அடியில் தண்ணீர் கடக்கும் சிறு பாலங்கள்) வழியாக மொத்தமாகக் கக்குகிறது. தார்ப்பரப்பு கூடிவிட்டதால் ஊற வேண்டிய மழையும் ஓடுகிறது. கல்வெர்ட்டின் வாய்க்கு நேர் கீழே உங்கள் மனை இருந்தால், சாலைத் துறை உங்களைக் கேட்காமலேயே உங்கள் நிலத்தில் ஓர் ஓடையை உருவாக்கிவிட்டது என்று பொருள்.

சாலையின் பள்ளத்தாக்குப் பக்கத் தடத்தில் நடந்து பாருங்கள். விளிம்புக்கு இணையாக நீளமான விரிசலோ, பிறைபோல வளைந்து சற்றே இறங்கிய தாரோ, அதன்மேல் திரும்பத் திரும்ப ஒட்டுப்போட்ட அடையாளமோ தெரிந்தால், அந்தப் பாதிச் சாலை நிரப்பிய மண்ணின் மேல் உட்கார்ந்து மெல்ல நகர்கிறது. அதற்குக் கீழே இருப்பது உங்கள் படுக்கையறை.

மேல்பக்கத்தோடு ஒப்பிட்டால் பெரிய வேறுபாடு எச்சரிக்கைதான். கீழே இருப்பவர் வீட்டில் விரிசல் விழாது, கதவு இறுகாது. நகர்வது அவர் நிலமல்ல; தலைக்கு மேலே இருக்கும் நிலம். அது ராத்திரி மழையில் வரும். 1993 நவம்பரில் குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையில் மரப்பாலத்தில் சாலையையும் ரயில் பாதையையும் சேர்த்து அடித்துக்கொண்டுபோன சரிவு, அந்தப் பக்கத்தில் இன்னும் பெரியவர்கள் பேசும் கதை. 2009 நவம்பரில் நீலகிரியில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோதும் வீடுகளோடு புதைந்தவர்கள் பலர்.

சரிசெய்யவும் வழியில்லை. மேல்பக்கத்தார் தன் நிலத்தில் வடிகாலாவது வெட்டலாம். கீழ்பக்கத்தாருக்கு நோய் வேறொருவர் நிலத்தில். மருந்தும் அங்கேதான் போட வேண்டும்.

எப்போது இது சரி: சாலை அந்த இடத்தில் முழுக்க மலையை வெட்டிய தரையில் அமைந்து, நிரப்பு மண்ணே இல்லாமல், அருகில் கல்வெர்ட் வாயும் ஓடையும் இல்லாமல், சாலைக்கும் மனைக்கும் நடுவே நின்று பழகிய பெரிய மரங்கள் நேராக நின்றால். இத்தனையும் ஒரே இடத்தில் பொருந்துவது அபூர்வம்.

## பழைய குறுகிய சாலையில், உள்ளே தள்ளி

வசதிக் குறைவு நிஜம். ஆம்புலன்ஸ் வர நேரமாகும், சிமென்ட் லாரி வளைவில் திரும்பாது, சின்ன வண்டியில் மாற்றி ஏற்றினால் கட்டுமானச் செலவு கூடும். வயதான காலத்தில் மருத்துவமனை தூரம் என்பதைக் காட்சி ஈடுசெய்யாது.

ஆனால் பல பத்தாண்டு மழை பார்த்த வெட்டு இது. விழ வேண்டியது விழுந்து, வேர் பிடித்து, ஒரு சாய்வுக்கு வந்திருக்கும். ஒரே ஆபத்து, இந்தச் சாலையும் நாளை அகலப்படுத்தப்படலாம் என்பது. ஆகவே குறுகிய சாலையில் வாங்கினாலும் விளிம்பில் வாங்காதீர்கள். சாலையிலிருந்து நன்றாகத் தள்ளி, 15 பாகைக்குள் சாயும் நிலமாகப் பாருங்கள். நான் வாங்குவதாக இருந்தால் இதைத்தான் வாங்குவேன்.

## வாங்காமல் வாடகைக்கு

வருடத்தில் இரண்டு மாதம் தங்கத்தான் போகிறீர்கள் என்றால் இதைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. சித்திரை, வைகாசியில் தங்கிவிட்டு மழைக்கு முன் திரும்பிவிடலாம். சரிவின் அபாயம் வீட்டுக்காரருடையது. பிள்ளைகளுக்குச் சொத்து சேர்க்க வேண்டும் என்பவருக்கு மட்டும் இது ஒத்துவராது. அவர்களுக்குச் சமவெளியிலேயே வேறு வழிகள் உண்டு.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | மேல்பக்கம் | கீழ்பக்கம் | உள்ளே, பழைய சாலை | வாடகை |
|---|---|---|---|---|
| வாங்கும் விலை | அதிகம் | குறைவு | இன்னும் குறைவு | இல்லை |
| அகலப்படுத்தியதால் ஆபத்து | அடிமண் போனது | கொட்டிய மண், குவியும் தண்ணீர் | இப்போதைக்குக் குறைவு | மழைக்கு முன் கிளம்பிவிடலாம் |
| முன்னெச்சரிக்கை | பெரும்பாலும் கிடைக்கும் | அரிது | கிடைக்கும் | தேவை குறைவு |
| நாமே சரிசெய்ய | ஓரளவு | முடியாது | பெரும்பாலும் முடியும் | நம் வேலையல்ல |
| மறைந்த செலவு | பின்தள்ளிக் கட்டுதல், வடிகால் | அஸ்திவாரம் ஆழமாதல், மறுவிற்பனை நஷ்டம் | பொருள் ஏற்றும் கூலி | ஆண்டுதோறும் வாடகை |

## காகிதம் பற்றி

பட்டா, வில்லங்கச் சான்று பார்ப்பதில் நம்மவர்கள் கெட்டிக்காரர்கள். அதோடு, மலைக் கிராமங்களில் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் உங்கள் மனை இருக்கும் கிராமம் வருகிறதா என்று கேளுங்கள். வந்தால், மனைப்பிரிவுக்கு அதன் அனுமதி இல்லாமல் வாங்குவது தலைவலி.

இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் நிலச்சரிவு வரைபடத்தைப் பார்த்து "எங்கள் இடம் நடுத்தர ஆபத்து" என்று நிம்மதியடைபவர்கள் உண்டு. அது 1:50,000 அளவில் வரைந்தது. அதில் ஒரு சதுர மில்லிமீட்டர், தரையில் 60 சென்ட்டுக்கு மேல். உங்கள் ஐந்தரை சென்ட் பென்சில் புள்ளிக்குள் தொலைந்துவிடும். வரைபடம் எடுத்தபின் வெட்டிய சாலையும் அதில் இருக்காது. "அதிகம்" என்று வந்தால் விலகிவிடுங்கள். "குறைவு" என்று வந்தால் மேற்கொண்டு தேடுங்கள்.

காப்பீடு இருக்கிறதே என்பார்கள். பாரத் கிருஹ ரக்ஷா போன்ற வீட்டுப் பாலிசிகளில் நிலச்சரிவு சேர்ந்திருக்கிறது. ஆனால் அது கட்டடத்துக்கு. காணாமல்போன நிலத்துக்கு அல்ல. மண் தோண்டும் வேலையால் வந்த சேதத்துக்கு விலக்கும் உண்டு. பக்கத்திலேயே ஜேசிபி மலையை வெட்டிக்கொண்டிருக்கும்போது இந்த விலக்கின் வாசகத்தை வக்கீலிடம் காட்டிப் படித்துக்கொள்வது நல்லது.

## எப்போது போய்ப் பார்ப்பது

மனை காட்டுவது தை, மாசியில், பளிச்சென்ற வெயிலில். நீங்கள் ஐப்பசி, கார்த்திகையில் போங்கள். சென்ட்ரலில் இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிவதற்குள் சேலம். அங்கிருந்து மலை முப்பது கிலோமீட்டர்தான். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டு மலைப்பாதை சரிந்து போக்குவரத்து நின்றதும் இந்தப் பருவத்தில்தான். ஆகவே கிளம்பும் முன் பாதை திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். குப்பனூர் வழியாக மாற்றுப் பாதை இருக்கிறது என்பதும் ஏற்காட்டுக்கு ஒரு கூடுதல் மதிப்பெண். ஒரே பாதையுள்ள மலையில் சாலை அறுந்தால் அங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

மழை விட்ட ஒரு மணி நேரத்துக்குள் மனைக்குப் போங்கள். மேல்பக்கம் என்றால் சுவரின் குழாய்களில் தண்ணீர் வடிகிறதா என்று பாருங்கள். கீழ்பக்கம் என்றால் கல்வெர்ட் வாயில் நின்று தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். தெளிவாக வந்தால் மேற்கொண்டு பேசலாம். செம்மண் கரைசலாக வந்தால் மேலே எங்கோ மலை கரைந்துகொண்டிருக்கிறது. அன்று அட்வான்ஸ் கொடுக்காமல் அடுத்த பஸ்ஸில் சேலத்துக்கு இறங்கிவிடுங்கள்.